பியூஸ் கட்டை என்னும் காவல்காரன்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



களத்தில் வைக்கோல் போர் பக்கம் ஒருவர் பீடி பற்ற வைத்தால் நாம் சும்மா இருப்போமா? "ஏம்ப்பா, கண்ணு தெரியலையா?" என்று சத்தம் போடுவோம். ஆனால் வீட்டுச் சுவரில் ஓடுகிற மின்சாரமும் நெருப்புத்தான் என்பதை மறந்துவிடுகிறோம். கூரை வீட்டில் தீப் பிடித்தால் கூரை மட்டுமா போகிறது? குதிரில் இருக்கிற விதைநெல், பெட்டியில் இருக்கிற பத்திரம், பிள்ளையின் படிப்புச் சான்றிதழ், தறியில் கட்டியிருக்கும் மாடு எல்லாமே போய்விடும். அந்தத் தீயை வரவிடாமல் தடுப்பது எப்படி என்று இன்றைக்குப் பார்ப்போம்.

மின்சாரத்தால் தீ எப்படி வருகிறது? கம்பி சூடாவதால்தான் வருகிறது. ஒரு முழ வாய்க்காலில் ஏரி மதகைத் திறந்துவிட்டால் கரை தாங்குமா? அதுபோலத்தான் மெல்லிய கம்பியில் அதிக மின்சாரம் ஓடுவதும். கம்பியில் ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகிறது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை இளகும், கருகும். பக்கத்தில் கீற்றோ துணியோ இருந்தால் பற்றிக்கொள்ளும்.

நம் வீடுகள் பலவற்றில் ஒயரிங் செய்த காலத்தில் இருந்தது இரண்டு பல்பு, ஒரு மின்விசிறி. இன்றைக்கு அதே கம்பியில் மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ், டி.வி., இன்டக்ஷன் அடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டது. கம்பி மட்டும் பழைய கம்பிதான்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. சாமானின் அடியில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அதை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2000 வாட் இன்டக்ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். தண்ணீர் காய வைக்கிற 1500 வாட் ஹீட்டர் கம்பி ஆறரை ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 5 அல்லது 6 ஆம்பியர்தான். இவற்றை 15 அல்லது 16 ஆம்பியர் பெரிய பாயிண்ட்டில்தான் போட வேண்டும். அந்தப் பாயிண்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தனியாக இழுத்திருக்க வேண்டும். பெரிய பிளக்கைச் சின்னப் பாயிண்ட்டில் செருகுவதற்கு ஒரு கட்டை விற்கிறார்கள். ஹீட்டருக்கும் அடுப்புக்கும் அதை வாங்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நாலு ஓட்டை இருக்கிறதே என்று இஸ்திரிப் பெட்டியையும் மிக்ஸியையும் சேர்த்துப் போடாதீர்கள். ஓட்டை நாலு இருந்தாலும் கரண்ட் வருகிற கம்பி ஒன்றுதானே?

இப்படி அளவு மீறினால் தடுப்பதற்கென்றே ஒரு காவல்காரன் இருக்கிறான். அவன்தான் பியூஸ். கம்பி கருகுவதற்கு முன்னால் தான் உருகி, கரண்ட்டை நிறுத்திவிடுவான். நாம் என்ன செய்கிறோம்? "சும்மா சும்மா பீஸ் போவுது" என்று சலித்துக்கொண்டு, கையில் கிடைத்த தடித்த கம்பியை இரண்டு மூன்று முறுக்காகக் கட்டிவிடுகிறோம். அப்புறம் பியூஸ் போகவே போகாது. அதற்குப் பதிலாகச் சுவருக்குள்ளே ஓடுகிற கம்பி உருகும். திருடனைப் பார்த்துக் குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவதும் இதுவும் ஒன்றுதான். பியூஸ் கம்பியை ஆம்பியர் சொல்லிக் கடையில் வாங்குங்கள். மெயினை அணைத்துவிட்டுக் கட்டுங்கள். மறுபடி மறுபடி போனால் காரணத்தைத் தேடுங்கள். பியூஸுக்குப் பதில் எம்.சி.பி. சுவிட்ச் உள்ள வீடுகளுக்கும் இதே விதிதான். அது விழுகிறதென்று கம்பிக்குப் பொருந்தாத பெரிய அளவு வாங்கி மாட்டக்கூடாது.

ஆனால் காவல்காரன் கண்ணுக்கும் தெரியாத திருடன் ஒருவன் உண்டு. அதுதான் தளர்ந்த இணைப்பு. பிளக் ஆடுகிறது, ஸ்குரூ கழன்றிருக்கிறது, இரண்டு கம்பியைக் கையால் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. இங்கெல்லாம் ஓட்டம் கூடுவதில்லை, அதனால் பியூஸ் போகாது. ஆனால் அந்த ஒரு இடம் மட்டும் பொறி தட்டிச் சூடாகிக்கொண்டே இருக்கும். இதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இஸ்திரி போட்டு முடித்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவித் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட்டால் அந்தப் பாயிண்ட் கெட்டுவிட்டது என்று அர்த்தம். சுவிட்ச் பலகை பழுப்பேறியிருந்தாலும், பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலும், பல்பு விட்டுவிட்டு எரிந்தாலும் அன்றைக்கே லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். நெல் இருக்கிற வீட்டில் எலி இருக்கும். அது கம்பியின் உறையையும் கடிக்கும். மூட்டைகளை நகர்த்தி அந்தப் பக்கத்துக் கம்பியைப் பாருங்கள்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இஸ்திரி போடும்போது கரண்ட் போய்விடுகிறது. பெட்டியைத் துணி மேலேயே விட்டுவிட்டுக் களையெடுக்கப் போய்விடுகிறீர்கள். பத்து மணிக்குக் கரண்ட் வருகிறது. வீட்டில் ஆள் இல்லை. அப்புறம் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போனால் முதல் வேலை, பிளக்கை உருவுவது. ஹீட்டர் கம்பியைத் தண்ணீர் இல்லாத வாளியில் போடாதீர்கள். சுவிட்சை அணைக்காமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள். செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். பாட்டரி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் அதற்கென்று கொடுத்த சார்ஜரிலேயே போடுங்கள். எல்லோரும் தூங்குகிற நேரத்தில் வாசலை அடைத்து நிறுத்திப் போட வேண்டாம்.

கூரை வீட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் கம்பியை வாரையோடு கட்டாமல் பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள். ஆடிக் காற்றில் கம்பி உரசி உறை தேய்ந்துவிடும். குண்டு பல்பு கீற்றுக்கும் வைக்கோலுக்கும் எட்ட இருக்கட்டும். கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்ட பல்பு தொங்கவிடுகிறவர்கள் அதைத் தனிச் சங்கிலியில் உறுதியாகக் கட்டுங்கள். உமி மேல் அறுந்து விழுந்தால் கொட்டகையே போய்விடும்.

எர்த் கம்பியை மறக்காதீர்கள். மூன்று முனை பிளக்கில் பெரிய முனை அதற்காகத்தான். அதை ஒடித்துவிட்டுச் செருகாதீர்கள். கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். கரண்ட் கசிந்தால் தானே நிறுத்துகிற ஆர்.சி.சி.பி. என்ற சாதனம் கிடைக்கிறது. 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்கி, ஒயர்மேனை வைத்து மாட்டுங்கள். மனித உயிரையும் காக்கும், கசிவினால் வருகிற தீயையும் தடுக்கும்.

அப்படியும் தீப் பிடித்துவிட்டால்? கை எட்டுமானால் முதலில் மெயினை அணையுங்கள். கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் ஊற்றுகிறவருக்கே ஆபத்து. சின்னத் தீயானால் உலர்ந்த மணலைக் கொட்டுங்கள். கூரையில் ஏறிவிட்டால் சாமானைப் பார்க்காதீர்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் வெளியே கொண்டுவந்து, மாட்டை அவிழ்த்துவிட்டு, 101க்குப் போன் செய்யுங்கள்.

பயிருக்குப் பூச்சி வந்திருக்கிறதா என்று தினமும் வயலைச் சுற்றிப் பார்க்கிறோம். மாதம் ஒரு நாள் வீட்டுக் கம்பியையும் அப்படிச் சுற்றிப் பாருங்கள். நாளைக் காலையிலேயே மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைக் கழற்றி, அதில் என்ன கம்பி கட்டியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். தடித்த கம்பியாக இருந்தால், வயலுக்குப் போகுமுன் அதை மாற்றுங்கள்.