நோயாளியை எடுத்துரைக்கும் கடமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் செவிலியர் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடை இயலும் இசையும் நாடகமும் முழங்கும் மேடை. இங்கே மருத்துவமனைச் செய்தியைப் பேசுதல் பொருந்துமோ என்று சிலர் எண்ணலாம். பொருந்தும் என்றே நாங்கள் துணிந்து வந்துள்ளோம். நம் காலனிப் பெண்மக்கள் பலர் செவிலியர் படிப்பை விரும்பிக் கற்கின்றனர். நோயுற்றுப் படுக்கையில் கிடக்கும் நாளோ நம்மில் எவர்க்கும் வரக்கூடியது. ஆகவே இப்பேச்சு இரு சாராருக்கும் உரியது.

புதிதாகப் பட்டம் பெற்ற செவிலியர் வேலையில் சேர்ந்த சிறிது காலத்திற்குள் ஒரு கடமையை ஏற்க நேர்கிறது. தம் பொறுப்பில் உள்ள நோயாளி ஒருவரைப் பற்றி, மருத்துவரும் மூத்த செவிலியரும் கூடிய அவையில் எழுந்து நின்று முறைப்பட எடுத்துரைத்தலே அக்கடமை. 'கேஸ் பிரசன்டேஷன்' என்று அதனை வழங்குவர். ஊசி போடக் கை நடுங்காத பெண்ணுக்கும் அன்று நா வறளும். தேர்வு எழுதப் போவதுபோல் இரவெல்லாம் பாடநூலைப் புரட்டுவோர் உண்டு. ஆனால் அவைக்கு முன் விளங்க வேண்டியது செவிலியரின் படிப்பு அன்று, நோயாளியின் நிலை. இந்த ஒரு தெளிவு வந்துவிட்டால் அச்சத்தில் பாதி அகன்றுவிடும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து என்ற மூன்றோடு நிறுத்தினாரல்லர். அருகிருந்து பணி செய்பவனையும் ஒரு கூறாக வைத்தார். மருத்துவர் நோயாளியைக் காண்பது சில நிமிடம். செவிலியர் காண்பதோ பல மணி நேரம். அந்த நேரத்தில் கண்டதைச் சொல்லாமல் விட்டால் கண்டதன் பயன் என்ன?

இதன் அருமையை நம் தீவுகளின் வரலாறே உணர்த்தும். வட அந்தமானில் உள்ள டிக்லிப்பூர்ப் பகுதியில் 1988-ஆம் ஆண்டு முதல் இரத்தக் கசிவோடு கூடிய ஒரு காய்ச்சல் தலைகாட்டி உயிர்களைக் கவர்ந்தது. காரணம் விளங்காமையால் அதற்கு 'அந்தமான் இரத்தக் கசிவுக் காய்ச்சல்' என்றே பெயர் வழங்கிற்று. 1993-ஆம் ஆண்டில்தான் அது லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிரால் வரும் எலிக்காய்ச்சல் என்பதற்குச் சான்று கிடைத்தது. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1983-ல் நிறுவப்பெற்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் இந்நோயைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்திருக்கிறது.

எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் அக்கிருமி வாழ்கிறது. காலில் உள்ள சிறு கீறல் வழியே உடலுள் புகுகிறது. காலத்தே கண்டால் பெனிசிலின், டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்துகளுக்கே கட்டுப்படும். காலம் தாழ்ந்தால் சிறுநீரகத்தையும் ஈரலையும் நுரையீரலையும் தாக்கும். ஆகவே காய்ச்சலோடு வந்தவரிடம், “என்ன வேலை செய்கிறீர்கள்? எந்த நீரில் நின்றீர்கள்? காலில் புண் உண்டா?” என்று கேட்பது வீண் கேள்வி அன்று. உயிர் காக்கும் கேள்வி அது.

எடுத்துக்காட்டாக ஒரு நோயாளியைக் கருதிக்கொள்வோம். “40 வயது ஆண்; மூன்று நாளாகக் காய்ச்சல்” என்று தொடங்குவது ஒரு முறை. “40 வயதுடைய வயல் தொழிலாளி, ஒரு வாரம் முழங்கால் அளவு நீரில் நின்று வேலை செய்தவர், மூன்று நாளாகக் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு, நேற்றிலிருந்து சிறுநீர் குறைந்துள்ளது” என்று தொடங்குவது மற்றொரு முறை. முதலாவதைக் கேட்ட மருத்துவர்க்கு ஆயிரம் காய்ச்சல்கள் நினைவிற்கு வரும். இரண்டாவதைக் கேட்டவர்க்கு எலிக்காய்ச்சல் உடனே தோன்றும்.

எண்களும் அவ்வாறே. 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 30 மில்லி லிட்டர் அளவேனும் சிறுநீர் கழித்தல் வேண்டும். ஒரு நாளைக்கு 720 என்று ஆகிறது. “இன்று 350” என்று மட்டும் சொன்னால் அது ஓர் எண். “முன்தினம் 1,100, நேற்று 700, இன்று 350” என்று சொன்னால் நோய் செல்லும் திசை தெரிகிறது. குறிப்பேட்டில் உள்ள எல்லா எண்களையும் ஒப்பிக்க வேண்டுவதில்லை. மாறிய எண்களைச் சொன்னால் போதும்.

அடுத்து, நோயின் பெயரைச் சொல்லுதல் மருத்துவர் பணி. அந்நோயால் இம்மனிதர் படும் இடர் யாது, அதற்கு நாம் என்ன செய்தோம், பயன் விளைந்ததா என்பவற்றைச் சொல்லுதல் செவிலியர் பணி. மூச்சு வாங்குகிறது, தலையணையை உயர்த்தி அமர வைத்தோம், மூச்சின் எண்ணிக்கை 32-லிருந்து 24-ஆகக் குறைந்தது. கூலி போயிற்றே என்ற கவலையால் உறக்கமில்லை. வீட்டாரை வரவழைத்துப் பேசச் செய்தோம். இவையும் அவையில் சொல்லத்தக்கனவே.

பலதுறைப்பட்ட செய்தியைச் சுருங்கச் சொல்ல ஒரு வழி உண்டு. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படிகள் அவை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் கையாண்ட முறை பின்னர் மருத்துவமனைகளுக்கு வந்தது. கடல் சூழ்ந்த நமக்கு அது மிகவும் ஏற்றது. கச்சாலிலிருந்தோ லிட்டில் அந்தமானிலிருந்தோ ஹெலிகாப்டரிலும் கப்பலிலும் நோயாளியை அனுப்பும்போது, அவருக்கு முன்னே செல்வது செவிலியரின் சொல்லே அன்றோ?

நம் மொழி பற்றியும் ஒன்று கூற விரும்புகிறோம். படுக்கையில் இருப்பவர் தமிழில் நோவார். மருத்துவர் இந்தியில் வினவுவார். குறிப்பேடோ ஆங்கிலத்தில் இருக்கும். 'நெஞ்சு கரிக்கிறது' என்பதும் 'நெஞ்சை அடைக்கிறது' என்பதும் ஒன்றல்ல. 'மயக்கம்' என்றால் சிலர் தலைச்சுற்றலைக் கருதுவர். சிலர் நினைவு தப்பியதைக் கருதுவர். அறிந்த சொல்தானே என்று விரைந்து மொழிபெயர்த்தல் ஆகாது. “விழுந்துவிட்டீர்களா? பேச்சுக் காதில் விழுந்ததா?” என்று ஒருமுறை கேட்டுத் தெளிந்த பின்னரே எழுத வேண்டும். தாய்மொழி அறிவு மேடைக்கு மட்டும் அணியன்று. நோயாளியின் கட்டிலருகிலும் அது கருவியாகும்.

இனி, எல்லாவற்றினும் மேலான கடமை ஒன்று உண்டு. நம்முடையது சிறு தீவு. பெயரை மறைத்தால் மட்டும் ஆள் மறைந்துவிடுவதில்லை. ஊர், கடை, உறவு ஆகியவற்றில் இரண்டைச் சொன்னாலே மூன்றாமவர் ஆளைக் கண்டுகொள்வர். ஆதலின் நோயை உணரத் தேவையான செய்தியை மட்டும் அவையில் சொல்லுதல் வேண்டும். நோயாளியின் இசைவையும் முன்னரே பெறுதல் வேண்டும். அவை கலைந்த பின் ஒரு சொல்லும் வெளியே வரலாகாது. பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம், “இன்று யார் வந்தார்கள்? என்ன நோயாம்?” என்று கேளாதீர்கள். ஒருமுறை செய்தி கசிந்தால், அடுத்த நோயாளி உண்மையைச் சொல்ல அஞ்சுவார். சொல்லப்படாத உண்மைக்கு மருந்து கிடையாது.

கேட்டலின் பெருமைக்கு நம் தீவுகளிலேயே ஒரு சான்று உண்டு. லிட்டில் அந்தமானில் டுகாங் கிரீக் என்னுமிடத்தில் ஓங்கே பழங்குடியினரிடையே பணியாற்றியவர் செவிலியர் சாந்தி தெரசா லக்ரா. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை தாக்கியபோதும் அம்மக்களை விட்டு அகலாமல் உடனிருந்து தொண்டு செய்தார். அவருக்கு 2010-ல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் விருதும் 2011-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. வேற்று மொழி பேசும் மக்களிடம் பழகி, அவர் நோவை அறிந்து, பிறர்க்கு அறிவித்த பணி அது. நம் சொந்த மொழி பேசுவோரிடம் நாம் அதனினும் எளிதாகச் செய்யலாம் அல்லவா?

புதிய செவிலியத் தங்கைகளுக்கு நாங்கள் சொல்லுவது இதுதான். அவையேறும் நாளன்று காலையில் பாடநூலை மூடிவிட்டு நோயாளியை மீண்டும் ஒருமுறை சென்று காணுங்கள். நேற்றைய குறிப்பு இன்று பொய்த்திருக்கலாம். தெரியாத வினா எழுந்தால், “தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்று நிமிர்ந்து கூறுங்கள். அதில் இழிவில்லை, ஊகித்துச் சொல்வதில்தான் ஆபத்து.

குடும்பத்தார்க்கும் ஒரு பணி உண்டு. மருத்துவமனைக்கு வரும்போது உண்ணும் மாத்திரைகளைக் கையோடு கொண்டு வாருங்கள். நாட்டு மருந்து உண்டிருந்தால் மறையாமல் கூறுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள். நீங்கள் சரியாகச் சொன்னால் நாங்கள் சரியாகச் சொல்லுவோம். மருத்துவமும் சரியான வழியில் செல்லும்.

 நோயின்றி வாழ்க நம் மக்கள்! வளர்க நம் சங்கம்!