வடிகாலும் சாக்கடையும்: நகரப் பொதுப்பணியின் அன்றாட நடப்பும் நம் சொற்களும்

மொழியைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்க வந்தோர்க்குச் சாலைப் பள்ளம், கால்வாய் அடைப்பு, மழைநீர் ஆகியவை புறம்பான பொருளாகத் தோன்றக்கூடும். எனினும், ஒரு நகரம் நாள்தோறும் இயங்குவதற்கு இரும்பும் தாரும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சொற்களும் வேண்டும். சொல் பிழைத்தால் வேலை பிழைக்கும். சிலவேளை உயிரும் போகும். அதனை விளக்குவதற்கே இத்தலைப்பைத் தெரிந்துகொண்டோம்.

முதலில் துறையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். இன்று நாம் 'பொதுப்பணித் துறை' என்கிறோம். சென்னை மாகாணத்தில் அதனை 'மராமத்து இலாகா' என்றனர். மராமத்து அரபு வழியாக வந்த சொல். பழுதுபார்த்தல் என்பது அதன் பொருள். ஊரார் கூடி ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிட்டதைக் 'குடிமராமத்து' என்றனர். தூய தமிழ் வேண்டும் என்னும் நோக்கில் பழைய சொல்லை விட்டது குறையன்று. ஆயினும் 'பணி' என்னும் சொல்லில் புதிதாகக் கட்டுவதே முன்னிற்கிறது, பழுதுபார்த்தல் மறைந்துவிட்டது. ஒரு பாலத்தைத் திறந்துவைக்கும் நாளில் நாளிதழ் படம் எடுக்கிறது. அப்பாலத்தின் மூட்டுகளில் சேர்ந்த மண்ணை ஆண்டுதோறும் அகற்றுகிறவரை எவரும் படம் எடுப்பதில்லை. நகரப் பொதுப்பணியின் அன்றாட நிருவாகம் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வேலையேயாகும்.

சிங்கப்பூரில் இவ்வேலையின் தொடக்கக் காலத்தில் தமிழர்க்கு நேரான தொடர்புண்டு. 1825 முதல் இங்குக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளே சாலை போட்டனர், சதுப்பு நிலத்தைத் தூர்த்தனர். 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும், 1869இல் நிறைவுற்ற இன்றைய இஸ்தானாவையும் கட்டியவர்கள் அவர்களே. தேவாலயச் சுவரின் பூச்சுக்குச் 'சென்னைச் சுண்ணம்' என்று பெயர். சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவையும் சர்க்கரையையும் குழைத்துப் பூசினர். நன்னடத்தையுள்ள கைதிகளையே மற்றவர்க்கு மேற்பார்வையாளராக்கும் முறையும் அன்று இருந்தது. அவர்களுக்கு வழங்கிய பெயர் 'தண்டல்'. அச்சொல் மலாயிலும் 'தண்டில்' எனப் புகுந்து வேலையாள்களின் தலைவனைக் குறித்தது. 1873இல் கைதிகள் முறை முடிவுற்றது. கூலித் தொழிலாளர் வந்தனர். சிராங்கூன் சாலைப் பகுதியைத் தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்ததும் அப்பகுதியின் சுண்ணாம்புக் காளவாய்களால்தான். நகரம் எதனால் கட்டப்பட்டது என்பதை அந்த ஒரு பெயர் காட்டிவிடுகிறது.

இனி, அன்றாட நடப்பிற்கு வருவோம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பு நடக்கும். மலேசியத் தோட்டங்களில் 'பெரட்டு' என்று வழங்கியதும் இதுவே. யார் வந்தார், எந்த வண்டி ஓடும், எங்கே முதலில் செல்வது என்பன அந்த அரைமணி நேரத்தில் முடிவாக வேண்டும். மேலாளரின் முன்னே எப்போதும் இரண்டு பட்டியல்கள் கிடக்கும். ஒன்று, முன்கூட்டியே திட்டமிட்ட பராமரிப்பு. மற்றொன்று, நேற்றிரவு முதல் வந்து குவிந்த முறையீடுகள். முறையீட்டுக்கே எல்லா ஆள்களையும் அனுப்பிவிட்டால் அன்றைய பொழுது நன்றாகக் கழியும், பொதுமக்களும் மகிழ்வர். ஆனால் திட்டமிட்ட பராமரிப்பு தள்ளிப்போகும். தள்ளிப்போன ஒவ்வொன்றும் சில வாரங்களில் புதிய முறையீடாகத் திரும்பி வரும். இந்தச் சுழலில் சிக்கிய துறை, பகல் முழுதும் ஓடிக்கொண்டே பின்தங்கும்.

சாலைப் பள்ளம் எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்தால் இது தெளிவாகும். தாரின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுகிறது. மழைநீர் அதன்வழி அடிப்படுகைக்குள் இறங்குகிறது. மேலே செல்லும் ஒவ்வொரு பேருந்தும் அந்நீரை அழுத்தி, நுண்மணலோடு வெளியே தள்ளுகிறது. அடி வெறுமையாகி ஒருநாள் மேற்பரப்பு உள்வாங்குகிறது. வெடிப்பை அடைக்கச் சிறிதளவு தார் போதும். பள்ளமான பின்னரோ, ஓரங்களைச் சதுரமாக வெட்டி, ஒட்டுப்பூச்சு இட்டு, சூடான கலவையைக் கொட்டி, உருளையால் இறுக்கி, அதற்காகப் போக்குவரத்தையும் நிறுத்த வேண்டும்.

கால்வாய்த் துப்புரவுக்கு நாள்காட்டி வகுத்துக் கொடுப்பது, மேலாளரை விட, கொசுதான் என்று நாம் சொல்வதுண்டு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறப்பதற்கு ஏறத்தாழ 7 நாள் போதும். ஆகவே நீர் தேங்கக்கூடிய இடத்தை 10 நாளுக்கு ஒருமுறை பார்ப்பது, பாராமலிருப்பதற்கு ஏறக்குறைய ஒப்பாகும்.

பெருமழையின்போது பராமரிப்பின் அருமை வெளிப்படும். 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்தில் மூழ்கியதை இங்குள்ள ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மழை கடுமையாயிருந்தது உண்மை. கூடவே, ஸ்டாம்ஃபோர்டு கால்வாயின் மூடுபாதையில் ஓர் அறையைக் குப்பை அடைத்திருந்ததும் பின்னர்க் கண்டறியப்பட்டது. அதன்பின் 2 கிலோமீட்டர் நீளத்தில் திசைதிருப்புக் கால்வாயும், 38,000 கன மீட்டர் கொள்ளும் தடுப்புத் தொட்டியும் கட்டி 2018இல் முடித்தனர். இவை தேவையானவையே. எனினும், எவ்வளவு பெரிய தொட்டியாயினும் அதன் வாயிலிலுள்ள கம்பிவலையை ஒருவர் துப்புரவு செய்தாக வேண்டும்.

தலைப்பிலுள்ள இரு சொற்களுக்கு இப்போது வருகிறோம். நம் பேச்சில் தெருவோரம் ஓடும் எதுவும் 'சாக்கடை' அல்லது மலாய் வழி வந்த 'லோங்காங்'. சிங்கப்பூரிலோ இரண்டு தனித்தனி அமைப்புகள் உள்ளன. வீட்டுக் குளியலறை, சமையலறை, கழிப்பறை ஆகியவற்றின் நீர் நிலத்தடிக் குழாய்வழி சுத்திகரிப்பு ஆலைக்குச் செல்கிறது. அதிலிருந்தே நியூவாட்டரும் பெறப்படுகிறது. தெருவோர வடிகாலில் ஓடுவதோ மழைநீர். நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. ஆகவே அம்மழைநீரின் பெரும்பகுதி 17 நீர்த்தேக்கங்களைச் சென்றடைகிறது. அது நாம் குடிக்கும் நீர். அதைச் 'சாக்கடை' என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், மீந்த எண்ணெயையும் வண்ணக் கலவையையும் அதில் ஊற்றுவது தவறென்று அப்பிள்ளைக்கு எவ்வாறு தோன்றும்? சாக்கடையில் சாக்கடையைத்தானே ஊற்றுகிறோம் என்றே அது எண்ணும். 'மழைநீர் வடிகால்', 'கழிவுநீர்க் குழாய்' என்று இரண்டையும் பிரித்து வழங்குதல் அகராதிக்காரரின் நுணுக்கம் என ஒதுக்கத்தக்கதன்று.

பொறுப்பு யாருடையது என்பதும் சொல்லின் சிக்கல்தான். பழைய பொதுப்பணித் துறை இன்று சிங்கப்பூரில் அப்பெயரில் இல்லை. சாலைகள் 1995இல் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் சென்றன. வடிகால்கள் 2001இல் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் வந்தன. 1999இல் துறையே நிறுவனமாக்கப்பட்டது. 2014 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் ஒரு மீன் உருண்டைக் குச்சியின் கதையைச் சொன்னார். நடைபாதையருகே கிடந்த அக்குச்சியை யார் எடுப்பது? சரிவு ஓர் அமைப்பினுடையது, பூங்கா இணைப்புப் பாதை இன்னொன்றினுடையது, சாலையோர நடைபாதை வேறொன்றினுடையது. அவ்வாண்டே நகராட்சிச் சேவைகளுக்கென ஓர் அலுவலகம் அமைந்தது. 2015இல் முறையீட்டுக்கு ஒரே செயலியும் வந்தது. குடிமகன் அமைப்புகளின் எல்லைகளை அறிந்திருக்க வேண்டியதில்லை, கண்டதைச் சரியாகச் சொன்னால் போதும் என்பதே அதன் அடிப்படை.

கண்டதைச் சரியாகச் சொல்வது எளிதன்று. பள்ளிகளில் எழுதப்படும் முறையீட்டுக் கடிதங்களை நாம் வாசித்திருக்கிறோம். 'மாண்புமிகு ஐயா' என்னும் விளி இருக்கும். தூய்மையின் சிறப்பு பற்றி ஒரு பத்தி இருக்கும். 'ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்னும் முடிவும் இருக்கும். பள்ளம் எங்கே என்பது மட்டும் இராது. 'பெரிய பள்ளம்' என்பதைக் கொண்டு எந்த மேலாளரும் எவ்வளவு தார் ஏற்றுவது என்று கணக்கிட இயலாது. 'பேருந்து நிறுத்தத்துக்கு 5 மீட்டர் முன்னால், இடப்புறத் தடத்தில், 60 சென்டிமீட்டர் அகலம், விரலளவு ஆழம், மழை பெய்தால் கண்ணுக்குத் தெரியாது' என்று எழுதும் மாணவர் நல்ல தமிழ் எழுதுகிறார். அதற்குக் கூடுதல் மதிப்பெண் தருமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்; முன்னுரையின் அழகுக்குச் சற்றுக் குறைத்தாலும் தவறில்லை.

உயிர் போகும் என்று தொடக்கத்தில் சொன்னோம். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தேங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும்; அளவு மிகும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமற் போகும். நாற்றம் நின்றதை ஆபத்து நீங்கியதாக எண்ணி இறங்குபவர் மீளமாட்டார். அவரைத் தூக்கச் சென்ற இரண்டாமவரும் மீளமாட்டார். எனவே கருவியால் காற்றை அளந்து, காற்றோட்டம் செலுத்தி, மேலே ஒருவரைக் காவல் நிறுத்திய பிறகே இறங்க வேண்டும். இவற்றைக் காலையில் தொழிலாளர்க்குச் சொல்லும் கூட்டத்தில் பலருக்குத் தாய்மொழி தமிழ். அங்கே 'பாதுகாப்பைக் கடைப்பிடிக்கவும்' என்னும் மொழிபெயர்ப்பு எவரையும் காவாது. 'உள்ளே விழுந்தவரைத் தூக்க நீ இறங்காதே. கயிற்றை இழு, ஆளைக் கூப்பிடு' என்பதே காக்கும். தமிழ் படித்து மொழிபெயர்ப்புப் பணிக்குச் செல்லவிருக்கும் மாணவர்கள் இவ்விரு வாக்கியங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும்.

2025 ஜூலை 26 அன்று தஞ்சோங் காத்தோங் சாலையில் நிலம் உள்வாங்கி ஒரு கார் குழிக்குள் விழுந்தபோது, அருகே கழிவுநீர்க் குழாய்ப் பணியிலிருந்த 7 வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஓட்டுநரை மீட்டனர். அவர்களுள் தமிழகத்தாரும் இருந்தனர். அவர்கள் குழிக்குள் குதிக்கவில்லை. நைலான் கயிற்றை வீசி, அதைப் பற்றிக்கொள்ளச் செய்து மேலே இழுத்தனர்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் செல்லும்போது, பள்ளி வாயிலிலுள்ள வடிகாலருகே ஐந்து நிமிடம் நிற்கச் செய்யுங்கள். நீர் எத்திசையில் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, மேலுள்ள வலை எதனால் அடைபட்டிருக்கிறது என்பதைத் தமிழில் மூன்று வரிகளில் எழுதச் சொல்லுங்கள். அடைப்பு இருந்தால், அவ்வரிகளை அப்படியே அனுப்பிவையுங்கள்.