ஏழு கேள்வி, உண்மையான பதில்



காய்ச்சல் என்று வந்தால் நர்ஸம்மா தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறார். கிறுகிறுப்பு என்றால் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கிறார். மனசிலே ஓயாத பயம் என்று வந்தால் எதை வைத்துப் பார்ப்பது? அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஏழே ஏழு கேள்விகள்தான் அது. கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பொழுது விடிந்தால் அந்த அம்மாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கிறது. வயிற்றைப் பிசைகிறது. ராத்திரி தூக்கம் இல்லை. பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வரப் பத்து நிமிஷம் தாமதமானால், "என்ன ஆச்சோ, ஏது ஆச்சோ" என்று வாசலுக்கும் தெருவுக்கும் நடக்கிறார். மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போயாயிற்று. இ.சி.ஜி. எடுத்தாயிற்று. கோளாறு ஒன்றும் தெரியவில்லை. "ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாங்களே, சும்மா நடிக்காதே" என்கிறார் வீட்டுக்காரர். அன்றிலிருந்து அந்த அம்மா வாயைத் திறப்பதில்லை. படபடப்பு மட்டும் நிற்கவில்லை.

அவர் நடிக்கவில்லை, ஐயா. வரப்பிலே பாம்பைப் பார்த்தால் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை வேர்க்கிறது. ஓடித் தப்பிப்பதற்கு உடம்பு செய்யும் ஏற்பாடு அது. பாம்பு போனதும் அடங்கிவிடும். பதற்ற நோய் உள்ளவருக்குப் பாம்பே இல்லாதபோதும் அந்த ஏற்பாடு ஓடிக்கொண்டே இருக்கிறது. இது பேய் பிசாசும் இல்லை, பைத்தியமும் இல்லை. சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு நோய். ஆண்களுக்கும் வரும். ஆனால் ஆம்பிளை "பயமா இருக்கு" என்று சொல்ல மாட்டார். எதற்கெடுத்தாலும் சள்ளென்று விழுவார், அல்லது குடியில் மறைப்பார்.

சரி, அந்தக் கேள்விகள் என்ன? கடந்த இரண்டு வாரமாக, அதாவது ஓர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவில் உள்ள காலத்தில், எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்பார்கள்: மனசு பதறியதா? கவலையை நிறுத்த முடியாமல் போனதா? பலதையும் நினைத்து அளவுக்கு மீறிக் கவலைப்பட்டீர்களா? ஓய்ந்து இளைப்பாற முடியவில்லையா? ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவித்தீர்களா? சட்டென்று எரிச்சல் வந்ததா? ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று பயந்தீர்களா?

இல்லவே இல்லை என்றால் 0. சில நாள் என்றால் 1. பாதி நாளுக்கு மேல் என்றால் 2. அநேகமாகத் தினமும் என்றால் 3. ஏழையும் கூட்டினால் அதிகபட்சம் 21. 5 வந்தால் லேசான பதற்றம், 10 வந்தால் நடுத்தரம், 15-உம் அதற்கு மேலும் வந்தால் கடுமை. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பதில் சொல்லலாம்.

இந்தக் கேள்விகளை 2006-ல் அமெரிக்காவில் ஸ்பிட்சர் என்ற மனநல டாக்டரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். சாதாரண நோய்களுக்காக டாக்டரிடம் வந்தவர்களைக் கேட்டுச் சோதித்தார்கள். 10-ஐ எல்லையாக வைத்தபோது, நோய் உள்ள 100 பேரில் 89 பேரைக் கண்டுபிடித்தது. நோய் இல்லாத 100 பேரில் 18 பேருக்கும் எல்லையைத் தாண்டியது. ஆகவே 10 வந்துவிட்டால் நோய் என்று முடிவு கட்டக்கூடாது. "இவரிடம் உட்கார்ந்து பேசவேண்டும்" என்று டாக்டருக்குச் சொல்லும் அடையாளம், அவ்வளவுதான். தைராய்டு கூடினாலும் நெஞ்சு படபடக்கும், ரத்தசோகையிலும் படபடக்கும். அதையெல்லாம் சோதித்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார்.

தெர்மாமீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது. நமக்குத் தெரியும்! மாமியார் பக்கத்தில் நின்றால் மருமகள் எல்லாவற்றுக்கும் "இல்லீங்க" என்றுதான் சொல்வாள். மனைவியைக் கேட்டால் கணவரே முந்திக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் இருக்கா" என்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவர் மனசு அவருக்குத்தான் தெரியும். சகோதரர்களே, நீங்கள் ஐந்து நிமிஷம் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். தாய்மார்களே, "தனியாப் பேசணும்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காக்கவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. பலருக்கு முறையான பேச்சு ஆலோசனையும் மூச்சுப் பயிற்சியுமே போதும். சிலருக்கு மாத்திரை வேண்டும். அந்த மாத்திரை தலைவலி மாத்திரை போல உடனே கேட்காது, சில வாரம் ஆகும். "நாலு நாள் சாப்பிட்டேன், பலனில்லை" என்று விடவும் கூடாது, குணமானதும் தானாக நிறுத்தவும் கூடாது. கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அது பழக்கமாகிவிடும். குடித்தால் அன்றைக்கு அடங்கியது போலிருக்கும், மறுநாள் பதற்றம் இரட்டிப்பாகும்.

கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் இந்தத் தொல்லை வரலாம். "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளாமல், சோதனைக்குப் போகும்போது நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். யாராவது "செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்று சொன்னால் எந்த மார்க்குக்கும் காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்தை அப்புறப்படுத்திவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை.

இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒருவரையொருவர் ஒரே ஒரு வார்த்தை கேளுங்கள்: "உனக்கு மனசு எப்படி இருக்கு?", "உங்களுக்கு மனசு எப்படி இருக்குங்க?" பதிலைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதுவே வைத்தியத்தின் முதல் படி.

சொல்லாத பயம் வளரும். சொன்ன பயம் குறையும்.