வால்பாறைக்கு எந்த லென்ஸ்?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியாகிறது.)



ஜனவரியில் நாம் வால்பாறைக்கும் டாப்ஸ்லிப்புக்கும் போவதாக முடிவாகிவிட்டது. அன்றிலிருந்து லிஃப்டில் ஏறினாலும், பால் வாங்கக் கீழே இறங்கினாலும் ஒரே கேள்விதான்: "சார், எந்த லென்ஸ் வாங்கலாம்?" ஒருவர் ஃபிக்சட் டெபாசிட்டை முறிக்கலாமா என்றே கேட்டுவிட்டார். பெயர் சொல்ல மாட்டேன், பி பிளாக். முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். முதிர்வுக்கு முன் டெபாசிட்டை முறிக்கிறேன் என்று யார் சொன்னாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதனால்தான் செயலாளரிடம் கேட்டு இந்தப் பத்து நிமிஷத்தை வாங்கினேன்.

கடைக்காரர் லென்ஸைக் காட்டுவதற்கு முன்னால் நாமே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. தனிவட்டிக் கணக்கைவிடச் சுலபம். விலங்கின் நீளத்தை மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் ஃபோக்கல் லென்த் மில்லிமீட்டரில் எழுதியிருக்கும், அதால் பெருக்குங்கள். விலங்கு நிற்கும் தூரத்தால், அதுவும் மீட்டரில், வகுங்கள். வருகிற விடைதான் கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் அந்த விலங்கு விழும் அளவு, மில்லிமீட்டரில். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் ஏபிஎஸ்சி வகைக் கேமராவின் சென்சார் சுமார் 23 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம். அதில் பாதியாவது நிறைந்தால் நல்ல படம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வால்பாறைக்குப் போவோம். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். அந்தப் பாதையிலேயே நம் மாநில விலங்கான வரையாடு பாறை ஓரத்தில் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆடு ஒன்றேகால் மீட்டர், நாம் வண்டிக்குள் பதினைந்து மீட்டர் தள்ளி. 200 மி.மீ. லென்ஸ் போட்டால் கிட்டத்தட்ட 17 மி.மீ. வருகிறது. போதும், தாராளம். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, சாலையோர மரங்களுக்கே வந்துவிடும். அரை மீட்டர் குரங்கு பத்து மீட்டரில் இருந்தால் அதே 200-இல் 10 மி.மீ. அங்கே 600 மி.மீ. லென்ஸைத் தூக்கினால் 30 மி.மீ. ஆகி ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும்; முகத்தைப் பிடித்தால் வால் வராது, வாலைப் பிடித்தால் முகம் வராது. தேயிலைச் சரிவில் மேயும் காட்டுமாடு இரண்டரை மீட்டர். அறுபது மீட்டர் தள்ளி நின்றாலும் 300-இல் 12.5 மி.மீ. கிடைக்கிறது.

பெரிய இருவாச்சி ஒன்றுதான் இந்தக் கணக்கில் இடிக்கிறது. ஒரு மீட்டர் பறவை, நாற்பது மீட்டர் தள்ளி உயர்ந்த மரத்தில். 300-இல் 7.5 மி.மீ. மட்டுமே. 600-இல் 15. ஆக, இந்தப் பயணத்தில் பெரிய லென்ஸ் உண்மையில் உதவுவது இருவாச்சிக்குத்தான். ஒரு பறவைக்காக லட்ச ரூபாயைத் தொடும் லென்ஸ் வேண்டுமா என்று அவரவர் பாஸ்புக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் 70-300 ஒன்று போதும். கேனான்காரர்களிடம் 55-250 இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

ஃபுல் ஃப்ரேம் கேமரா வைத்திருப்பவர்கள் மட்டும் இதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். நாம் 300-இல் எடுப்பதை அவர்கள் எடுக்க 450 வேண்டும். விலை அதிகமான கேமராவுக்கு விலை அதிகமான லென்ஸ், அது அப்படித்தான்.

எடையையும் சொல்ல வேண்டும். சிக்மா 150-600 கன்டெம்பரரி இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நிக்கான் 200-500 இரண்டு கிலோ முன்னூறு கிராம். கேமரா தனி. டாப்ஸ்லிப்பில் வனத்துறை வண்டியில்தான் காட்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம், அங்கே முக்காலி விரிக்க இடம் இருக்காது. தோள்வலி உள்ளவர்கள் யோசியுங்கள். ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் முக்காலியைவிட நன்றாக நிற்கும். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அதிர்வு இருக்கும். டிரைவரிடம் தயவாகக் கேட்டால் இன்ஜினை நிறுத்துவார்.

அடுத்தது வெளிச்சம். மழைக்காட்டுக்குள் காலை பத்து மணிக்கும் நம் மாடிப்படி அளவுக்குத்தான் வெளிச்சம். எஃப் 2.8 லென்ஸ், எஃப் 5.6 லென்ஸைப் போல நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே விடும் என்பது உண்மை. ஆனால் 300 எஃப் 2.8 லென்ஸின் விலை சில லட்சம். பதிலாக ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் மணல் தூவியதுபோல் புள்ளி தெரியும், பிறகு கம்ப்யூட்டரில் குறைக்கலாம். குரங்கு தாவும்போது ஷட்டர் வேகம் 500-இல் ஒரு பங்குக்குக் கீழே போய்ப் படம் இழுபட்டால் அதை எந்தக் கம்ப்யூட்டரும் திருத்தாது. லென்ஸில் விஆர், ஐஎஸ் என்று போட்டிருப்பது நம் கை நடுக்கத்துக்குத்தான் மருந்து. குரங்கின் தாவலுக்கு அல்ல.

இயற்கைக் காட்சிக்குக் கேமராவோடு வந்த 18-55 போதும். வைடு ஆங்கிள் வாங்கினால் மலை பெரிதாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. நம் மொட்டை மாடியிலிருந்து அண்ணாமலையை 18-இல் எடுத்துப் பாருங்கள், மலை கரையான் புற்றாகி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மலையாகிவிடும். 70-இல் எடுங்கள், மலை மலையாகவே நிற்கும். வால்பாறைத் தேயிலைச் சரிவுகளுக்கும் இதேதான். எஃப் 8 வைத்து அதிகாலையில் எடுங்கள்.

போன கார்த்திகையில் ஒரு தம்பி, பெரிய லென்ஸ் இருந்தால் தீபக் கொப்பரை இங்கிருந்தே தெரியுமா என்று கேட்டார். ஆள் உயரக் கொப்பரை, தூரம் நாலு கிலோமீட்டர் என்று வைத்தால் 600 மி.மீ. லென்ஸிலும் கால் மில்லிமீட்டர்தான் வருகிறது. ஒரு புள்ளி. கண்ணால் பார்த்துக் கும்பிடுவதே மேல்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். லென்ஸ் எட்டவில்லை என்றால் கால் முன்னால் போகும். படம் சிறிதாக இருக்கிறதே என்று இரண்டடி, அப்புறம் நாலடி. வால்பாறை யானை நடமாடும் ஊர். எஸ்டேட் சாலையில் யானையைக் கண்டால் வண்டியை விட்டு யாரும் இறங்கக் கூடாது. இதைச் சங்கத்தின் விதியாகவே எழுதிக்கொள்ளச் செயலாளரைக் கேட்டிருக்கிறேன். குரங்கு கிட்டே வரட்டும் என்று பிஸ்கட் நீட்டவும் கூடாது. சாலைக்குப் பழகிய சோலைமந்தி வண்டியில் அடிபடும். மா. கிருஷ்ணன் யானைக்குப் பக்கத்தில் போய் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996 வரை வாழ்ந்தவர், பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கேமரா அமைத்துக்கொண்டவர். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்களுக்கு ஈடு கிடையாது. ஆனால் அவர் பல பத்தாண்டுகள் காட்டில் நடந்து யானையின் காது அசைவைப் படித்தவர். நாம் இரண்டு ராத்திரிக்குப் போகிறோம்.

பெரிய லென்ஸ் வேண்டும் என்று மனம் கேட்டால் வாடகைக்கு எடுங்கள். சென்னையில் நாள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு. அடையாள அட்டை நகலும் முன்பணமும் கேட்பார்கள். வாங்கும்போது கண்ணாடியில் கீறல், பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, இருந்தால் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். திரும்பக் கொடுக்கும்போது வம்பு வராது. மூன்று பேர் சேர்ந்து ஒன்று எடுத்தால் இன்னும் நல்லது. சொந்த லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஊர் திரும்பியதும் அதைப் பீரோவுக்குள் துணிப்பையில் திணிக்காமல், இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

மொபைல் மட்டும் உள்ளவர்கள் வருத்தப்பட வேண்டாம். மலைக்கும் மேகத்துக்கும் அது போதும். விலங்குக்கு 8x42 பைனாகுலர் ஒன்று கொண்டு வாருங்கள். என் வீட்டம்மா கேமராவைத் தொடுவதே இல்லை. ஆனால் என்னைவிட அதிகப் பறவை பார்த்தவர் அவர்தான்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேங்கிக்கால் ஏரிக்கரையில் ஒத்திகை. கொக்கும் நீர்க்காகமும் இருக்கும். இருக்கிற லென்ஸைக் கொண்டு வாருங்கள், கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பி பிளாக் நண்பர் டெபாசிட் ரசீதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். அரிசிப் பை நான் கொண்டு வருகிறேன்.