தூக்கமும் மக்னீசியமும்
(முன்னாள் மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வேதியியல் படிச்சவ, தென்காசியில மருந்துக்கடையில நிக்கிறவ, தெரிஞ்சதச் சொல்லு" என்று மேடையேற்றிவிட்டார்கள். நம் வயதுக்காரர்கள் கடையில் அதிகம் கேட்பது தூக்கத்துக்குத்தான். அதிலும் "மக்னீசியம் மாத்திரை இருக்கா?" என்று இப்போது பெயர் சொல்லியே கேட்கிறார்கள். ஆகவே அதையே எடுத்துக்கொண்டேன்.

மக்னீசியம் நமக்குப் புதிதல்ல. சோதனைச்சாலையில் நாடாவைக் கொளுத்திக் கண் கூசப் பார்த்தோமே, அதே உலோகம்தான். குற்றால மலையின் பச்சைக்குக் காரணமான பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பதும் அதுவே. நம் உடம்பில் சுமார் 25 கிராம் உண்டு. பாதிக்கு மேல் எலும்பில். இரத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. நரம்புகளின் படபடப்பை அடக்குவதில் இதற்குப் பங்குண்டு. தூக்கத்தோடு இதை முடிச்சுப் போட்டது அதனால்தான்.

சரி, போட்டால் தூக்கம் வருமா? 2012-இல் ஈரானில் 46 முதியவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு நாள்தோறும் 500 மில்லிகிராம், மறு பாதிக்கு வெறும் மாத்திரை, எட்டு வாரம். ஓரளவு பலன் தெரிந்தது. 2021-இல் இதுபோன்ற மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தமே 151 பேர். படுத்ததிலிருந்து தூங்கும்வரை ஆகும் நேரம் 17 நிமிடம் குறைந்தது. மொத்தத் தூக்கம் கூடியதென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆய்வுகளின் தரமும் குறைவு என்று அவர்களே எழுதினார்கள். சீசனில் ஐந்தருவியில் வரிசை நகர்வதற்குள் போய்விடும் நேரம் இந்த 17 நிமிடம்! ஆனால் பாயில் புரண்டு கிடப்பவளுக்கு அதுவும் பெரிசுதான், மறுக்கவில்லை.

நம் தோழி ஒருத்தி, பெயர் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய டப்பாவோடு கடைக்கு வந்தாள். "ஏட்டி, ரெண்டு போட்டும் தூக்கம் வரல, மூணாப் போடட்டுமா?" என்றாள். அவளுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. "கிரியாட்டினின் எப்பம் பாத்தே?" என்றேன். பார்த்ததே இல்லை. பார்த்தால், கூடியிருந்தது. மிச்ச மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்துபோனால் இரத்தத்தில் தேங்கும். இரத்த அழுத்தம் இறங்கும், தசை சோரும், இதயத் துடிப்பே தடுமாறும். டப்பாவை மூடி வைத்தாள். அவள் தூக்கத்தைக் கெடுத்தது மக்னீசியக் குறைவல்ல. கட்டுக்கடங்காத சர்க்கரையால் இரவில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்ததுதான். இப்போது சிறுநீரக மருத்துவரிடம் ஒழுங்காகப் போய் வருகிறாள்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களும் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். மக்னீசியம் ஆக்சைடில் உலோகம் 60 சதவீதம்; ஆனால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, வயிற்றைக் கலக்கும். பேதிக்குக் கொடுத்தார்களே மில்க் ஆஃப் மெக்னீசியா, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. கிளைசினேட் வயிற்றுக்கு இதம், ஆனால் உலோகம் 14 சதவீதமே. மாத்திரையாக நாளுக்கு 350 மில்லிகிராம் உலோகத்தைத் தாண்ட வேண்டாம் என்பது அமெரிக்க வரம்பு, ஐரோப்பாவில் 250. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் நாலு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். கேஸ் மாத்திரையான ஒமிப்ரசோலை வருடக்கணக்கில் விழுங்கினால் மக்னீசியம் குறையலாம் என்று 2011-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இவர்களுக்கு மாத்திரை தேவைப்படலாம், மருத்துவர் சொன்னால்.

மற்றவர்களுக்குச் சாப்பாடே போதும் என்பது என் கட்சி. நம் நாட்டுக் கணக்கில் பெண்களுக்கு நாளுக்கு 370 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 20-தான். தீட்டாததில் 90-க்கு மேல், கேழ்வரகில் 140 அளவு. எள்ளும் முருங்கைக்கீரையும் இருக்கவே இருக்கின்றன. பாலில் ஜாதிக்காய் உரைத்துக் குடிக்கச் சொல்லும் ஆச்சிமார் இன்னும் உண்டு. ஒரு உரசல் சரி. அதிகமானால் ஜாதிக்காயும் விஷம்தான்.

மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு கொதித்து விழிப்பு வந்தாலும், குறட்டையில் மூச்சு நின்று நின்று வந்தாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும், மருந்துக்கடைக்கல்ல. என் வியாபாரத்துக்கு நானே உலை வைக்கிறேன் என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது!

மதியச் சாப்பாடு முடிந்ததும் மரத்தடியில் இருப்பேன். தினமும் போடும் மாத்திரைகளின் அட்டையை எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.