குழாயை இணைக்கும் கை

அணு உலை என்றதும் நம் எண்ணம் யுரேனியத்தையும், அணுவைப் பிளந்த அறிஞர்களையும் நாடிச் செல்லும். குழாய்களை நினைப்பார் இலர். ஆயினும் உலையில் பிறக்கும் வெப்பத்தை வெளியே கொணர்வதும், ஆபத்து வேளையில் உலையைக் குளிர்விக்க நீரைக் கொண்டு சேர்ப்பதும் குழாய்களே. துண்டுகளாக வரும் அவற்றுட் பலவற்றை, உலை நிற்கும் இடத்திலேயே பற்றவைத்து இணைக்கின்றனர். வெல்டிங் என்று வழங்கும் அத்தொழிலைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

நம் பொற்கொல்லர் பொடிவைத்து ஊதும்போது, பொன்னைவிட எளிதில் உருகும் கலவையே உருகி ஒட்டும், பொன் உருகுவதில்லை. வெல்டிங்கிலோ குழாயின் விளிம்பே உருகிக் கலந்து இறுக வேண்டும். இரு விளிம்புகளையும் சாய்வாகச் சீவிப் பொருத்துவர். டங்ஸ்டன் முனைக்கும் குழாய்க்கும் இடையே மின்பொறியை எழுப்பி, ஒரு கையால் அதனை நடத்தி, மறு கையால் மெல்லிய கம்பியை ஊட்டுவர். காற்று தீண்டினால் உருகிய உலோகம் கெடும். ஆகவே வெளியே மட்டுமன்றிக் குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்பி வைப்பர். அடியில் இடும் முதல் வரிதான் உயிர்நாடி. வெப்பம் குறைந்தால் விளிம்பு முழுதும் உருகாது. மிகுந்தால் உலோகம் உள்ளே வழிந்து தொங்கும். அதன்பின் வரிமேல் வரியாக இட்டு நிரப்புவர்.

சுவருக்கும் குழாய்க்கும் இடையே தலை நுழையாத இடங்களும் உண்டு. அங்கே சிறு கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே கையை நடத்த வேண்டும். பிம்பத்திலோ திசை மாறித் தோன்றும்! பாடப் புத்தகம் இதனைக் கற்பிக்க இயலாது. ஆண்டுக்கணக்கிற் பழகிய கைக்கே இது வசப்படும். பழகிய கையும், எக்ஸ்ரே படத்தில் குறை தென்பட்டால், இட்டதை அறுத்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

இந்தப் பழக்கம் ஒரு நாட்டில் அறுந்துபோனால் என்ன ஆகும்? பிரான்சு நாட்டில் 1991-இல் ஓர் அணு உலையின் கட்டுமானம் தொடங்கிற்று. அதற்கு அடுத்தது தொடங்கியது 2007-இல், பிளாமன்வில் என்னும் கடற்கரை ஊரில். இடையே பதினாறு ஆண்டுகள் சென்றன. 2012-இல் முடியவேண்டிய அவ்வுலை, 2024 டிசம்பரில்தான் மின்தொடரோடு இணைந்தது. காரணங்கள் பல; அவற்றுள் வெல்டிங் முக்கியமானது. நீராவிக் குழாய்களின் இணைப்புகள் ஒழுகவில்லை. ஆனால், 'இது உடையவே உடையாது' என்று கொள்வதற்குரிய உயர்தரம் அவற்றில் இல்லை. உலையை இயக்கிவிட்டுப் பின்னர்ச் சீர்செய்ய மின் நிறுவனம் விரும்பிற்று. இரட்டைச் சுவர்களின் இடுக்கில் இருந்த எட்டு இணைப்புகளை முதலில் சீர்செய்யுமாறு 2019-இல் அணுப் பாதுகாப்பு ஆணையம் கூறிவிட்டது. ஆணையம் கூறியதே சரி என்பது என் கருத்து. மனிதன் நுழைய முடியாத அவ்விடுக்கிற்கெனத் தனியாக இயந்திரக் கைகளை உருவாக்க நேர்ந்தது.

2021-இன் இறுதியில் மற்றொரு சோதனை வந்தது. சிவோ என்னும் ஊரிலுள்ள உலையில், ஆபத்துக் காலத்தில் நீர் செலுத்தும் குழாய்களில், இணைப்புகளை ஒட்டி நுண்ணிய வெடிப்புகள் காணப்பட்டன. இது வெல்டர்களின் பிழையன்று. குழாய்கள் அமைந்த விதமே பெரும்பாலும் காரணம் என்றனர். ஆனால் வெட்டியெடுத்துப் புதுக் குழாய் பொருத்துவதற்கு வெல்டர்கள் அல்லவா வேண்டும்? கதிர்வீச்சு உள்ள இடத்தில் ஒருவர் ஓராண்டில் ஏற்கத்தக்க அளவு, அந்நாட்டில் 20 மில்லிசீவர்ட். அவ்வளவை எட்டியவர் எத்துணைக் கைதேர்ந்தவராயினும் வெளியேற வேண்டும். உள்நாட்டார் போதாமையால், அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஏறத்தாழ நூறு வெல்டர்களை வரவழைத்தனர். பல உலைகள் நின்றிருந்த 2022-இல் பிரான்சின் அணுமின் உற்பத்தி சுமார் 27,900 கோடி யூனிட்டாகச் சுருங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டில் அது சுமார் 36,000 கோடி யூனிட்.

அதே 2022-இல், பிளாமன்வில்லுக்கு அண்மையிலுள்ள செர்பூர் வட்டாரத்தில், வெல்டிங் கற்பிப்பதற்கென்றே ஒரு பள்ளி திறந்தார்கள். அதனை நிறுவியவர்களுள் மின் நிறுவனத்தோடு கப்பல் கட்டும் நிறுவனத்தாரும் உளர். நீர்மூழ்கிக் கப்பலின் குழாய்களுக்கும் இதே கைதான் வேண்டியிருக்கிறது.