படத்தில் இல்லாத பேட்டை

(தாராவியில் நடைபெற்ற சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நாம் மேடைப் பேச்சுப் பழகியவரல்ல. மெட்ரிக் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பேனா பிடிக்கிறவர். ஆகவே அடுக்குமொழியை எதிர்பார்க்காதீர்கள். கையில் ஒரு பழைய தாள் கொண்டுவந்திருக்கிறோம். அதைக் காட்டி, உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

இது பம்பாய் நகரின் சுற்றுலா வரைபடம். மாட்டுங்காவில் பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்தது. தேதி போட்ட மூலை கிழிந்துவிட்டது. ஆனாலும் காலம் தெரிகிறது. ஆரே பால் பண்ணை இதில் இருக்கிறது. அது 1951இல் திறக்கப்பட்டது. 'பம்பாய் இராஜ்யம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். மராட்டிய மாநிலம் பிறந்தது 1960 மே முதல் தேதி. ஆக, இது ஐம்பதுகளின் பம்பாய்.

கேட்வே ஆஃப் இந்தியா இருக்கிறது. தாஜ் ஹோட்டல், விக்டோரியா டெர்மினஸ், மலபார் ஹில் தொங்கு தோட்டம், மெரின் டிரைவ் எல்லாம் இருக்கின்றன. எலிபெண்டா குகைக்குப் படகு போகும் வழியைக்கூடப் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறார்கள். வடக்கே வந்தால் தாதர். பிறகு மாட்டுங்கா, ஐந்து தோட்டம், கிங்ஸ் சர்க்கிள். அதற்குமேல் சயான். மேற்கே மாகிம். இரண்டு ரயில் பாதைகளும் கறுப்புக் கோடாக ஓடுகின்றன.

அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை தோழர்களே! பச்சை மசி பூசி, சதுப்பு நிலம் என்பதற்கு நாலு கோடு கிழித்திருக்கிறார்கள். அந்த வெற்றிடத்தில்தான் நாம் இப்போது உட்கார்ந்திருக்கிறோம்.

அப்போது இங்கே ஆள் இல்லையா? கோலி மீனவர்கள் எல்லோருக்கும் முந்தியவர்கள். பெரிய பள்ளிவாசல் 1887இல் எழுந்தது. திருநெல்வேலித் தமிழர் பிள்ளையார் கோயில் கட்டியது 1913இல். தோல் கிடங்குகள் இருந்தன. சௌராஷ்டிரத்துக் குயவர்களின் சூளைகள் இருந்தன. மனிதர் இருந்தார்கள், படத்தில்தான் இல்லை. ஆரேயில் எருமைகளுக்குப் படத்தில் இடம் உண்டு. அந்தப் பாலைக் குடித்த நகரத்துக்கு உழைத்தவனுக்கு இல்லை!

யார் கையால் வளர்ந்த நகரம்?

1945இல் உலகப் போர் முடிந்தது. 1947இல் பிரிவினை, அகதிகள் வந்து குவிந்தார்கள். 1951 கணக்கில் பெருநகர் பம்பாயின் மக்கள் தொகை சுமார் 30 இலட்சம். 1961இல் அது 41 இலட்சத்தைத் தாண்டியது. டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. 1956இல் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. ஆலை, துறைமுகம், ரயில் எல்லாம் ஆள் கேட்டன. ஆள் கேட்டவர்கள், அந்த ஆள் இரவில் எங்கே படுப்பான் என்று கேட்கவில்லை.

நம் தாத்தா நெல்லைச் சீமையிலிருந்து வந்து தோல் கிடங்கில் உப்புத்தோல் சுமந்தார். ஊருக்கு எழுதும் கடிதத்தில் அவருடைய முகவரி, 'மே/பா' என்று போட்டு ஒரு டீக்கடையின் பெயர். தபால்காரர் அந்தக் கடையோடு நின்றுவிடுவார். பாட்டி இறந்த சேதி வந்த கார்டு, டீக்கடைப் பலகையில் மூன்று நாள் கிடந்தது. முகவரி இல்லாதவனுக்குத் துக்கம்கூடத் தாமதமாகத்தான் வரும்.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிடுகிறோம். மாட்டுங்காவில் இருந்தவர்களும் தமிழர்கள்தாம். டைப் அடித்தார்கள், கணக்கு எழுதினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அவர்கள் பேட்டை படத்தில் இருக்கிறது. காரணம் என்ன? 1896 பிளேக்குக்குப் பிறகு 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், அங்கே முதலில் வீதி போட்டது, மனை பிரித்தது. மனிதர் பிறகு வந்தார்கள். தாராவியிலோ மனிதன் முதலில் வந்தான். வீதியும் குழாயும் பின்னால் வந்தன. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அதை வைத்தே, ஒரே ஊர் ரயிலில் வந்திறங்கியவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்கத் தயங்கினோம். சாதியும் அதற்குத் துணை போயிற்று. மூன்றாவது ஆள் வரைந்த படத்தை நாமே நம்பிவிட்டோம்!

எண்ணினார்கள், இடித்தார்கள்

செம்பூர்ப் பக்கத்துத் தோழர்களுக்கு ஜனதா காலனியை நினைவூட்ட வேண்டியதில்லை. 1976 ஜனவரியில் அரசு குடிசைகளை எண்ணியது. போட்டோ பாஸ் கொடுத்தது. அதே ஆண்டு மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், அணுசக்தித் துறைக்கு நிலம் வேண்டும் என்று ஜனதா காலனியை இடித்தார்கள். ஏறத்தாழ 70,000 பேர் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள்.

அந்தக் காலனிக்காகப் போராடியவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், தச்சு வேலை செய்தவர். 1974இல் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார். பிறர் நம்மை எண்ணுமுன் நம்மை நாமே எண்ணிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் காட்டிய வழி. 1986இல் அவருடைய கூட்டமைப்பு தாராவியில் வீடு வீடாக எண்ணியபோது, 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருப்பது தெரிந்தது. 2000ஆம் ஆண்டு அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 2018இல் மறைந்தார். அவர் காட்டிய வழி மறையலாமா?

இன்றைய படம்

இன்று நிலைமை தலைகீழ். வெளிநாட்டுப் பயணிகள் தாராவியையே பார்க்க வருகிறார்கள். நம் சந்துகளைச் சுற்றிக் காட்டக் கட்டணம் வாங்குகிறார்கள். படத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பார்க்க வருகிறவன் படம் வேறு. இடிக்க வருகிறவன் படம் வேறு.

புனரமைப்புத் திட்டத்தை 2004இல் அறிவித்தார்கள். 2022இல் ஒப்பந்தப்புள்ளி முடிவாயிற்று. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்புக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்கிறார்கள். பின்னால் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே என்கிறார்கள். ஒரே ஏணியின் கீழே அண்ணனும் மேலே தம்பியும் இருந்தால், ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே!

மாடி வீட்டாருக்காகப் போராட வேண்டும், போராடுவோம். ஆனால் கையில் கணக்கில்லாமல் போராடினால் யார் கேட்பார்கள்? ஆகவே நாம் கேட்கும் வேலை இதுதான். ஒவ்வொரு சந்துக்கும் இரண்டு பேர் வாருங்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இருக்கட்டும். வீட்டுக் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது அம்மாமார்களுக்குத்தான் தெரியும். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டில் உங்கள் சந்தை வரையுங்கள். கீழே யார், மாடியில் யார், எந்த ஆண்டு வந்தார்கள், கையில் என்ன காகிதம் என்று எழுதுங்கள். போட்டோ பாஸ், ரேஷன் கார்டு, லைட் பில், வாக்காளர் பட்டியல், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், எதையும் விடாதீர்கள். நகலெடுத்துச் சங்கத்தில் ஒரு பிரதி கொடுங்கள். மூலக் காகிதத்தை யார் கேட்டாலும், நாமே கேட்டாலும், கொடுக்காதீர்கள். மாட்டுங்காவில் கணக்கு எழுதத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐம்பதுகளில் நம்மை விட்டுவிட்டுப் படம் போட்டார்கள். நம் பெரியவர்களிடம் பேனா இல்லை. இன்று இருக்கிறது. வரும் ஞாயிறு காலை நோட்டோடு வாருங்கள்.